செம்பருத்தி அக்காவின் சுரைக்காய்

போன வருஷம் ஒரு மதியம், நூலகத்தில் ஒரு புத்தகத்துக்குத் தேதி முத்திரை குத்திக்கொண்டிருந்தேன். மகளின் எண்ணிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது அவள் இல்லை. அவளோடு ஒரே அறையில் தங்கியிருந்த பெண். "அங்கிள், பயப்படாதீங்க" என்று ஆரம்பித்தாள். அதற்குப் பிறகு அவள் சொன்னதில் டெங்கு, ஆஸ்பத்திரி, பிளேட்லெட் என்ற மூன்று சொற்கள் மட்டும்தான் என் காதில் விழுந்தன. பேச்சு முடிந்து பார்த்தால் முத்திரையை என் இடது உள்ளங்கையில் குத்தியிருந்தேன். மகள் அப்போது வெளிமாநிலத்தில் ஒரு விதை நிறுவனத்தில் வேலை பார்த்தாள். நானும் மனைவியும் ரயில் மாறி ரயில் ஏறிப் போய்ச் சேர்ந்தபோதும் அந்தத் தேதி அழியவில்லை. அது புத்தகத்தைத் திருப்பித் தரவேண்டிய நாள். வழியெல்லாம் அதையே பார்த்துக்கொண்டு போனேன்.

அவள் தேறிவிட்டாள். ஊருக்கு வந்து ஒரு மாதத்தில் நன்றாகச் சாப்பிட்டாள், வண்டி ஓட்டினாள், அம்மாவோடு சண்டை போட்டாள். நான்தான் தேறவில்லை. இன்றைக்கும் போன் அடித்தால் உட்கார்ந்தபடி எடுக்க முடிவதில்லை. கியாஸ் சிலிண்டர்க்காரர் கூப்பிட்டால்கூட எழுந்து நின்றுதான் பேசுகிறேன்.

"காய்ச்சல் அவளுக்கு வந்துச்சி. பத்தியம் நீங்க இருந்துக்கினு இருக்கறீங்க" என்பாள் மனைவி.

அதனால் மகளுக்கு வீட்டிலிருந்தபடியே ஒரு வேலை கிடைத்தபோது எனக்கு உண்டான நிம்மதியைச் சொல்லி முடியாது. விவசாயப் படிப்பு படித்தவள். ஒரு தொண்டு நிறுவனம் கல்வராயன் மலையில் கரியாலூருக்கு அப்பால் இருக்கும் ஒரு ஊரில், பெண்களுக்கு வீட்டுத்தோட்டம் போடக் கற்றுக்கொடுக்க ஆள் தேடியது. மலைக்குப் போக வேண்டாம். வாரத்தில் இரண்டு நாள் சாயங்காலம் நான்கு மணிக்கு போனில் வீடியோ வகுப்பு. மற்ற நாட்களில் வாட்ஸ்அப் குழுவில் சந்தேகங்களுக்குப் பதில் சொல்ல வேண்டும். ஆறு மாதம் சோதனை. அது முடிந்ததும் சென்னையில் இருக்கும் மேலதிகாரி வகுப்பு தொடரலாமா வேண்டாமா என்று முடிவு செய்வார்.

"வேணாம்னுட்டா?" என்று கேட்டேன்.

"பழைய கம்பெனியில திரும்பக் கூப்பிடறாங்கப்பா. போயிட வேண்டியதுதான்."

இவ்வளவு சாதாரணமாகச் சொல்லிவிட்டு அவள் தோசையை மடித்து வாயில் போட்டுக்கொண்டாள். நான் என் தோசையை அப்படியே வைத்துவிட்டேன்.

வகுப்பு எங்கள் வீட்டுக் கூடத்தில் நடந்தது. சுவரில் ஒரு பச்சைப் போர்வையை மாட்டி, அதற்கு முன்னால் ஸ்டூலில் போனை நிறுத்தி, அவள் மண்புழு உரம் பற்றிப் பேசுவாள். அந்தப் பக்கம் மலையில், சிக்னல் கிடைக்கும் ஒரே இடமான ஒரு கடுக்காய் மரத்தடியில், நான்கைந்து போன்களில் வீடியோவை வைத்து, அவற்றைச் சுற்றி நாற்பது பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். ஒரு போனில் முகங்கள் தெரியும். இன்னொன்றில் யாரோ ஒருவரின் காது மட்டும் தெரியும். ஒருவர் பேசும்போதெல்லாம் பின்னால் ஒரு சேவல் கூவும். அதனால் அவருக்கு எங்கள் வீட்டில் சேவல் அக்கா என்று பெயர். குழுவில் அதிகம் பேசுபவரும் அவர்தான்.

வகுப்பு நேரத்தில் நாங்கள் மிக்சி போடக் கூடாது, தும்மக் கூடாது. ஒருநாள் மனைவி மறந்துபோய்க் குக்கரை ஏற்றிவிட்டாள். மகள் வேப்பங்கொட்டைக் கரைசல் பற்றி விளக்கிக்கொண்டிருந்தபோது விசில் வந்தது. அவள் கேட்காததுபோல் பேசிக்கொண்டே போனாள். இன்னொன்று வந்தது. மூன்றாவதும் வந்தபோது மலையிலிருந்து சேவல் அக்காவின் குரல்:

"டீச்சரு, மூணு விசிலு ஆயிடுச்சி. எறக்கிட்டு வந்து சொல்லுங்க, நாங்க இருக்கறோம்."

நாற்பது பெண்களும் காத்திருக்க, என் மகள் எழுந்து போய் அடுப்பை அணைத்துவிட்டு வந்தாள். "பருப்பா டீச்சரு?" என்று வேறொரு குரல் கேட்டது. "இல்லக்கா, கொண்டக்கடல." "அப்ப இன்னும் ரெண்டு வுட்டிருக்கலாம்." அன்றைய வகுப்பில் எல்லாரும் பங்கெடுத்த பகுதி அதுதான்.

எல்லாம் இப்படி நன்றாகத்தான் போய்க்கொண்டிருந்தது, படங்கள் வரும்வரை. ஒவ்வொருவரும் வாரத்துக்கு ஒருமுறை தோட்டத்தைப் படம் எடுத்துக் குழுவில் போட வேண்டும் என்பது மேலதிகாரியின் ஏற்பாடு. அவர் சென்னையிலிருந்து அவற்றைப் பார்த்து, பச்சை, மஞ்சள், சிவப்பு என்று ஒரு பட்டியலில் குறிப்பார். வந்த படங்களை நானும் மகளின் தோளுக்குப் பின்னால் நின்று பார்த்தேன். ஓட்டை விழுந்த அவரை இலை. சுருண்டுபோன மிளகாய்ச் செடி. மாவுப்பூச்சி அப்பிய கத்தரி. பாதி அழுகிய பீர்க்கங்காயை உள்ளங்கையில் வைத்து, பிறந்த குழந்தையைக் காட்டுவதுபோல் ஒரு படம். நாற்பது வீட்டிலிருந்தும் நாற்பது சாவு. ஒரு பச்சை கிடையாது.

மகள் ஒவ்வொன்றுக்கும் மருந்து சொன்னாள். அடுத்த வாரம் வேறு நோயோடு வேறு படங்கள் வந்தன. ராத்திரிச் சாப்பாட்டில் பேச்சு குறைந்தது.

"நான் சொல்லிக்குடுத்து ஒரு செடிகூடப் பொழைக்கலப்பா" என்றாள் ஒருநாள். பழைய கம்பெனியின் மின்னஞ்சல் திறந்தபடி இருந்ததை நான் பார்த்துவிட்டேன்.

இங்கே என்னைப் பற்றி ஒன்று சொல்ல வேண்டும். எங்களுக்கு நெல்லும் கரும்பும் விளைகிற கொஞ்சம் நிலம் இருக்கிறது. அதைப் பார்த்துக்கொள்வது என் மனைவி. நான் ரிஷிவந்தியம் பக்கம் ஒரு கிளை நூலகத்தில் நூலகர். நடவு நாளில் வரப்பில் குடை பிடித்து நிற்பேன்; அதுவும் ஆட்கள் சிரிக்கிறார்கள் என்று இப்போது வேண்டாம் என்றுவிட்டாள். தோட்டக்கலை பற்றி எங்கள் நூலகத்தில் ஒரு முழு அடுக்கு இருக்கிறது. அதில் எந்தப் புத்தகம் எங்கே என்று கண்ணை மூடிக்கொண்டு எடுப்பேன். ஒரு விதையை மண்ணில் எந்தப் பக்கமாக வைக்க வேண்டும் என்று கேட்டால் தெரியாது.

ஆனால் ஒரு பச்சையாவது அந்தப் பட்டியலில் ஏற வேண்டும் என்று மனம் கிடந்து அடித்துக்கொண்டது. என் பழைய போனில், மகளுக்கு எண் தெரியாத பழைய சிம் ஒன்று இருந்தது. ஆர்வம் உள்ளவர்கள் யாரும் சேரலாம் என்று மகளே குழுவின் இணைப்பை எனக்கு அனுப்பியிருந்தாள். சேர்ந்தேன். பெயர் போடும் இடத்தில் ஒரு புள்ளி வைத்தேன். முகப்புக்கு எங்கள் வீட்டு வாசல் செம்பருத்தியைப் படம் எடுத்துப் போட்டேன். மரத்தடியில் கூடியிருந்த நேரம்போல, ஒரு நிமிஷம்கூட ஆகவில்லை, யாரோ எழுதினார்கள்: "வாங்க செம்பருத்தி அக்கா." உடனே இன்னும் பத்துப் பேர் "வாங்க அக்கா". பூவைப் படமாக வைத்தால் பெண்ணாகத்தான் இருக்க முடியும் என்று நாற்பது பேரும் ஒருமனதாக முடிவு செய்துவிட்டார்கள். மறுக்கலாம் என்று நான் சொற்களைத் தேடிக்கொண்டிருக்கும்போதே என் மகளிடமிருந்து வந்தது: "வணக்கம் அக்கா. தயங்காம எந்தச் சந்தேகம்னாலும் கேளுங்க."

நான் "நன்றி டீச்சர்" என்று அனுப்பினேன். அதற்குப் பிறகு திரும்ப வழியில்லை.

நூலகத்துக்குப் பின்னால், பழைய நாளிதழ்க் கட்டுகள் வைத்திருக்கும் அறையை ஒட்டி, சும்மா கிடந்த ஒரு துண்டு நிலம் உண்டு. அங்கே சுரை விதை ஊன்றினேன். மகள் சொன்னபடியே எல்லாம் செய்தேன். மகள் சொல்லாததையும் கேட்டுக் கேட்டுச் செய்தேன். விதையை ஊற வைக்க வேண்டுமா? எத்தனை மணி நேரம்? ஆறு மணி நேரம் என்றால் நடுவில் எடுத்துப் பார்க்கலாமா? பூச்சி வந்தால் அது நல்ல பூச்சியா கெட்ட பூச்சியா என்று முகத்தைப் பார்த்துத் தெரிந்துகொள்ள முடியுமா? மகள் கூடத்தில் உட்கார்ந்து பொறுமையாகப் பதில் தட்டுவாள். நான் கொல்லைப்பக்கம் நின்று படித்துக்கொள்வேன்.

"செம்பருத்தி அக்கான்னு ஒருத்தங்கப்பா" என்றாள் சாப்பிடும்போது. "பாவம், ஒண்ணுமே தெரியல. ஆனா என்னா ஆர்வம் தெரியுமா."

மனைவி முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். முகத்தைக் கீரைக்குள் வைத்துக்கொண்டு அவள் ஏன் அப்படிக் குலுங்கினாள் என்று அன்றைக்கு எனக்குப் புரியவில்லை.

கொடி படர்ந்து சுவர் ஏறியது. வெள்ளை வெள்ளையாகப் பூத்தது. ஒரு பிஞ்சு இல்லை. குழுவில் கேட்டேன். மகள் பதில் தட்டுவதற்கு முன்னால் சேவல் அக்கா குரல் அனுப்பினார்:

"அதெல்லாம் ஆம்பளப் பூவு அக்கா. ஆம்பளைங்களா கூட்டம் கூடினா இன்னா வேல நடக்கும்? கொடி நுனிய கிள்ளி வுடு. பக்கக் கெள வுட்டு பொம்பளப் பூவு வரும்."

பின்னால் சேவல் கூவியது. நான் நுனியைக் கிள்ளிவிட்டேன். ஆனால் சோதனைக் காலம் முடிய மூன்று வாரம்தான் இருந்தது. கிளை எப்போது விட்டு, பூ எப்போது வந்து, காய் எப்போது ஆவது?

அந்த வாரம் மணலூர்பேட்டைச் சந்தைக்குப் போனேன். நல்ல, இளம், வளைவில்லாத சுரைக்காய் ஒன்றைக் காம்போடு தேர்ந்தெடுத்தேன். விற்ற அம்மாள், கூட்டுக்கா பொரியலுக்கா என்று கேட்டார். படத்துக்கு என்று சொல்ல முடியுமா? அதை நூலகத்துக்குக் கொண்டுபோய், வாழைநாரால் கொடியில் கட்டி, நாரை ஓர் இலையால் மறைத்து, நாலு பக்கமும் நின்று படம் எடுத்தேன். "எங்கள் தோட்டத்தில் முதல் காய். டீச்சருக்கு நன்றி" என்று எழுதி, சாயங்காலம் வீட்டுக் கொல்லைப்பக்கம் நின்று போட்டேன்.

கூடத்தில் மகள் எழுந்து நின்றேவிட்டாள். மலையிலிருந்து மட்டும் வெகுநேரம் ஒரு சத்தமும் இல்லை. கைதட்டும் பொம்மை ஒன்றுகூட வரவில்லை. பிறகு சேவல் அக்காவின் குரல், வழக்கத்தைவிடத் தணிந்து வந்தது:

"அக்கா, நல்லா காச்சிருக்குது. படத்த எடுத்துடு அக்கா."

குழுவிலிருந்து ஏன் எடுக்க வேண்டும் என்று சொல்லவில்லை. சிறிது நேரம் கழித்து இன்னொருவர் எழுதினார்: "காம்பு வாடிக்கினு இருக்குதே அக்கா."

பொறாமை என்று நினைத்துக்கொண்டேன். படித்தவனுக்கு இப்படியெல்லாம் நினைக்கச் சௌகரியம் உண்டு.

சுரைக்காயை வீணாக்க மனம் வராமல் மறுநாள் வீட்டுக்குக் கொண்டுவந்தேன். மனைவி அதை முறத்தில் வைத்துத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இன்னாங்க இது, கழுத்துல நார் தடம்? சொரக்கா தூக்கு மாட்டிக்கிச்சா?"

நான் நாளிதழைப் புரட்டினேன்.

"நம்ம வாசல் செம்பருத்திய எனக்குத் தெரியாதா? அந்த மூணாவது இலையில ஆடு கடிச்ச தடம்கூட அப்படியே இருக்குது. அவ போன்ல மொத நாளே பாத்துட்டேன்."

"அவளுக்குத் தெரியுமா?" என்றேன்.

"அவ பூச்சியத்தான் உத்து உத்துப் பாக்கறா. பூவ எங்க பாத்தா? நீங்களே சொல்லிடுங்க. நாளைக்கு வேற எவனாச்சும் சொன்னா பொண்ணு மூஞ்சில முழிக்க முடியாது."

சொல்லிவிடலாம் என்றுதான் எழுந்தேன். அதற்குள் மகள் போனை நீட்டிக்கொண்டு சமையலறைக்குள் ஓடி வந்தாள். மேலதிகாரிக்கு அந்தப் படம் மிகவும் பிடித்துவிட்டதாம். இதுதான் மாதிரித் தோட்டம் என்கிறாராம். முடிவு எடுப்பதற்கு முன் நேரில் வந்து செம்பருத்தி அக்காவைப் பார்க்கப்போகிறாராம். அன்றைக்குக் கூட்டு பிரமாதமாக இருந்தது என்று மகள் இரண்டு முறை போட்டுக்கொண்டாள். எனக்கு இறங்கவில்லை.

சாயங்காலம் குழுவுக்கு வெளியே, தனியாக, என் மகள் எனக்கு எழுதினாள்: "அக்கா, நீங்க எந்த ஊர்?"

"மலைதான்" என்று அனுப்பினேன்.

"மலையில எங்கக்கா?"

"கொஞ்சம் உள்ளே."

"வர்ற வியாழக்கிழமை கடுக்காய் மரத்துகிட்ட வந்துடறீங்களா? சார் உங்கள பாக்கத்தான் வர்றாரு."

"முயற்சி செய்கிறேன்" என்று போட்டேன். அரசாங்க அலுவலகத்தில் வேலை செய்கிறவனுக்கு வரும் சொல் அதுதான்.

வியாழக்கிழமை மேலதிகாரியின் காரில் நானும் ஏறிக்கொண்டேன். மலைப்பாதையில் கொண்டை ஊசி வளைவுகள் இருக்கின்றன, மகளைத் தனியாக அனுப்ப மனமில்லை என்று காரணம் சொன்னேன். அதில் பொய் கிடையாது. மேலதிகாரி கண்ணாடி போட்ட, அமைதியான, எல்லாவற்றுக்கும் "ஓ" என்று சொல்கிற மனிதர். கச்சிராயபாளையம் தாண்டி மலை ஏறத் தொடங்கியதும் போனில் கோடுகள் ஒவ்வொன்றாகக் குறைந்தன. கரியாலூரில் ஒன்றுமே இல்லை. எனக்கு மூச்சு வந்தது. என் சட்டைப் பையில் இரண்டு போன்கள் இருந்தன. பழையதை வீட்டில் வைத்துவிட்டு வந்திருக்கலாம். மகள் அழைத்து யாராவது எடுத்துவிட்டால் என்ன செய்வது என்று கொண்டுவந்துவிட்டேன். சிக்னல் இல்லாத மலையில் எந்தப் போன் அடிக்கப்போகிறது என்று அதை அணைக்கவும் இல்லை.

சிக்னல் இல்லாத மலையில் சிக்னல் உள்ள ஒரே மரத்தடிக்குத்தான் போகிறோம் என்பது எனக்கு உறைக்கவே இல்லை. ஆறு மாதமாக எங்கள் வீட்டுக் கூடத்தில் தினமும் பேசப்பட்ட மரம் அது.

மரத்தடியில் பெண்கள் காத்திருந்தார்கள். திரையில் காதாகவும் கன்னமாகவும் பார்த்த பெண்கள் முழு ஆட்களாக இருந்தார்கள். சேவல் அக்காவைக் குரலை வைத்துக் கண்டுபிடித்தோம். என் வயதுதான் இருக்கும். மகளின் கன்னத்தைத் தொட்டுப் பார்த்து, "டீச்சரு போன்ல குண்டா தெரிஞ்சீங்க, இன்னா இப்டி கீறீங்க?" என்றார்.

"செம்பருத்தி அக்கா வந்துட்டாங்களா?" என்று மேலதிகாரி கேட்டார்.

பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். "அந்தக்கா எங்க ஊரு இல்லிங்க சார். நாங்க பாத்ததே இல்ல."

"கொஞ்சம் உள்ள இருக்காங்க சார். இருங்க, கூப்பிடறேன்" என்றாள் மகள். போனைக் காதில் வைத்தாள்.

என் நெஞ்சு அடித்தது. நெஞ்சு மட்டும் என்றால் பரவாயில்லை. அந்தப் பழைய போனில் அழைப்பு மணிக்கு நாதஸ்வரம் வைத்திருந்தேன். மகளுக்குக் கல்யாணம் பேசத் தொடங்கிய காலத்தில் ஆசையாக வைத்தது. கெட்டி மேளத்தோடு அது என் சட்டைப் பையிலிருந்து எழுந்து மலை முழுக்கக் கேட்டது.

மகள் காதிலிருந்து போனை எடுத்து அதைப் பார்த்தாள். பிறகு என் பையைப் பார்த்தாள். பிறகு என் முகத்தை. அழைப்பைத் துண்டித்தாள். நாதஸ்வரம் நின்றது. மறுபடியும் அழைத்தாள். மறுபடியும் தொடங்கியது.

"அட, செம்பருத்தி அக்கா ஆம்பளயா?" என்றார் சேவல் அக்கா.

அப்போது எழுந்த சிரிப்பை என்னால் விவரிக்க முடியாது. ஒருவர் தரையில் உட்கார்ந்துவிட்டார். "அதான் காம்பு வாடியிருந்துச்சி, நான் அன்னிக்கே சொன்னேனா இல்லியா?" என்று ஒருவர் எல்லாரிடமும் சாட்சி கேட்டார். "பூச்சிக்கு மூஞ்சி கேட்ட ஆளுடி இது" என்று இன்னொருவர் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

சிரிக்காதவர்கள் மூன்று பேர். நான், மகள், மேலதிகாரி. சந்தை, வாழைநார், நூலகத்துக் கொல்லை எல்லாவற்றையும் நின்றபடியே சொன்னேன். மகள் கீழே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் கழுத்து சிவந்திருந்தது. காய்ச்சலில் கிடந்தபோது பார்த்த சிவப்பு. அதைத் தாங்காமல் நான் பேச்சைப் பாதியில் நிறுத்தினேன்.

"ஓ" என்றார் மேலதிகாரி. போனில் பட்டியலைத் திறந்து பார்த்துவிட்டு, "அப்போ இருந்த ஒரே பச்சையும் சந்தையில வாங்கினது. மத்த நாற்பதும் சிவப்பு. நான் என்ன எழுதறதும்மா?" என்று மகளிடம் கேட்டார். கோபமே இல்லாமல் கேட்டார். கோபப்பட்டிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

மகள், "எழுதிடுங்க சார். நான் சொல்லிக்குடுத்தது சரியில்ல" என்றாள்.

நான்தான் கெடுத்தேன். அவளை வீட்டில் வைத்துக்கொள்ள ஆசைப்பட்டு ரயிலேற்றிவிடப்போகிறேன் என்று நின்றேன்.

"எழுதறது அப்பறம் எழுதுங்க சார்" என்றார் சேவல் அக்கா. "சாப்ட்டுட்டுதான் போவணும். உலை வச்சிட்டு வந்தேன். டீச்சரு, வாங்க, ரெண்டு அவரக்கா பறிச்சிக்கினு வந்துடலாம்."

"அவரக்காயா?" என்றாள் மகள். சேவல் அக்கா அனுப்பிய அவரை இலையில் ஓட்டை தவிர இலை இல்லாதது அவளுக்கு மனப்பாடம். "அது செத்துப்போச்சே அக்கா."

"எது?"

வீட்டைச் சுற்றிப் பின்பக்கம் போனோம். கொல்லையில் பந்தல் ஒன்று இருந்தது. அதன் அடியில் போக நாங்கள் குனிய வேண்டியிருந்தது. காய்கள் தலையில் இடித்தன. கொத்துக் கொத்தாக அவரை. அந்தப் பக்கம் பீர்க்கன். கீழே கத்தரி, வெண்டை, மிளகாய். ஓரத்தில் மகள் சொன்ன அளவில், சொன்ன ஆழத்தில், மண்புழு உரக் குழி. வேலியோரத்தில் தனியாக ஒரே ஒரு அவரைக்கொடி, இலையெல்லாம் ஓட்டையாக நின்றது.

மகள் அந்தக் கொடியைத்தான் முதலில் அடையாளம் கண்டாள். பழைய சிநேகிதியைப் பார்ப்பதுபோல் அதன் அருகில் போய் நின்றாள்.

"அக்கா, இதையா படம் எடுத்து அனுப்பினீங்க? இவ்ளோ இருக்கறப்ப?"

சேவல் அக்காவுக்குக் கேள்வியே விளங்கவில்லை. "நோவு இருக்கற எடத்தத்தான காட்டணும்? டாக்டருகிட்ட போயி நல்லா இருக்கற கையையா நீட்டுவாங்க?" என்றார். பிறகு குரலைத் தாழ்த்தி, "நல்லா காய்க்கறத படம் புடிச்சி அத்தினி பேருக்கு அனுப்பினா கண்ணு பட்டுடாதா டீச்சரு? நாங்களே அந்தப் பச்ச கலர் சாருக்கு, யாரோ பட்டணத்து ஆளு, அவரு கண்ணு எப்பிடியோன்னு பயந்துக்கினு இருக்கறோம்."

பட்டணத்து ஆள் அப்போது பந்தலுக்கு அடியில் குனிந்து நின்றிருந்தார். சட்டென்று கண்ணாடியைக் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டார்.

"அதான் அன்னிக்கு இவரு... இந்த அக்கா..." சேவல் அக்கா என்னைப் பார்த்தார், "சொரக்கா படம் போட்டப்ப மனசு கேக்கல. எடுத்துடுன்னேன். எடுத்தீங்களா?"

"இல்லிங்க" என்றேன்.

"பாத்தீங்களா. அதான் இப்டி ஆயிடுச்சி."

எனக்கு இதை மறுக்க ஒன்றும் தோன்றவில்லை. இன்றுவரையிலும் தோன்றவில்லை.

அன்று வீடு வீடாகப் போனோம். எல்லாக் கொல்லையிலும் இதே கதை. முன்னால் காட்ட ஒரு நோயாளிச் செடி, பின்னால் மறைத்து ஒரு தோட்டம். மகள் ஒவ்வொரு வீட்டிலும் நோயாளியை முதலில் நலம் விசாரித்தாள். மேலதிகாரி படம் எடுக்கவே இல்லை. எடுக்கட்டுமா என்று ஒரு இடத்தில் கேட்டார். அந்த வீட்டுப் பெண் முகம் சுருங்கியதைப் பார்த்து, "ஓ" என்று போனை உள்ளே வைத்துவிட்டார். சாமைச் சோறும் அவரைக்காய்க் குழம்பும் சாப்பிட்டோம். மூன்று பேருக்கும் மூன்று முறை பரிமாறினார்கள். எனக்குப் போடும்போது மட்டும், "அக்காவுக்கு இன்னும் கொஞ்சம் ஊத்து" என்றார்கள்.

காரில் திரும்பும்போது மேலதிகாரி முடிவைச் சொன்னார். வகுப்பு தொடரும். பட்டியலை மாற்றப்போகிறார். படத்தை நம்பிப் பிரயோஜனம் இல்லை, நேரில் பார்க்க ஓர் ஆள் வேண்டும். ஆகையால் மகள் இனிமேல் வாரத்தில் நான்கு நாள் மலையிலேயே தங்க வேண்டும்.

"அங்க சிக்னல் இல்லியே சார்" என்றேன்.

"மரத்தடியில இருக்கே" என்றார் அவர்.

மகள் என்னிடம் மூன்று நாள் பேசவில்லை. நான்காம் நாள் காலையில் துணிப்பையோடு பஸ்ஸுக்குக் கிளம்பினாள். வாசலில் செருப்பு மாட்டிக்கொண்டே, "தினம் சாயங்காலம் மரத்தடிக்குப் போவேன். ஒரு படம் அனுப்புவேன். அதுக்கு நடுவுல அம்பது தடவ கூப்பிடாதீங்க. எடுக்காது" என்றாள். செம்பருத்தியைக் கடக்கும்போது நின்று, அந்த மூன்றாவது இலையைப் பிடித்துப் பார்த்தாள். சிரித்தாளா என்று பின்னால் இருந்து தெரியவில்லை.

அன்று சாயங்காலம் வந்த முதல் படம்: வார் அறுந்த ஒரு செருப்பு. நான் உட்கார்ந்திருந்த நாற்காலியிலிருந்து எழுந்துவிட்டேன். செருப்பு அறுந்திருக்கிறது என்றால் விழுந்தாளா, எங்கே விழுந்தாள், அடிபட்டதா என்று கேட்டுக்கொண்டே போனேன்.

மனைவி போனை வாங்கிப் பார்த்தாள். "செருப்பு மட்டும்தான் அறுந்துச்சி. மத்ததெல்லாம் நல்லா இருக்குதுன்னு அர்த்தம். அந்த ஊரு பழக்கம் வந்துடுச்சி அவளுக்கு."

மறுநாள் அடிப்பிடித்த பால் பாத்திரம். அதற்கு மறுநாள் மழையில் நனைந்து கலங்கிய நோட்டுப் புத்தகம். ஒருநாள் கொசுக் கடித்த முழங்கை. கொசு என்றதும் அன்றைக்கு நான் சாப்பிடவில்லை. மறுநாள் காலை முதல் பஸ்ஸில் கொசுவலை அனுப்பினேன். மற்றபடி மெல்ல மெல்லப் பழகிக்கொண்டேன். நான்கு மணி ஆனால் கெட்ட செய்திக்காகக் காத்திருப்பேன். வந்ததும் நிம்மதியாக இருக்கும்.

போன வாரம் வந்த படம் வேறு மாதிரி இருந்தது. அவரைப் பந்தலுக்கு அடியில் என் மகள் நிற்கிறாள். கன்னம் பூசினாற்போல் இருக்கிறது. தலையில் யாரோ வைத்துவிட்ட பூ. கை நிறையக் காய். நன்றாகச் சிரிக்கிறாள். நூலகத்தில் யாருமில்லை. கையில் முத்திரை இருந்தது. அதை மேசை மேல் வைத்தேன். எவ்வளவு நேரம் பார்த்துக்கொண்டிருந்தேன் என்று தெரியாது. பிறகு அது எங்கள் சொந்தக்காரர்கள் எல்லாரும் இருக்கும் குழுவில் போடப்பட்டிருக்கிறது என்பதைக் கவனித்தேன்.

இரண்டு பட்டம் வாங்கியவன் நான். அவளுக்குத் தனியாகத் தட்டினேன்: "நல்லா இருக்குது கண்ணு. படத்த எடுத்துடு."

பதில் வந்தது.

"எடுத்துட்டேங்க செம்பருத்தி அக்கா."